டைகருக்குத் துணை கிகர்

மணல்குடியிருப்பு மாலை வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். இருபத்து நான்காவது பிள்ளை ஆடி மாதத்தில் ஓர் அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தது. ஒட்டியிருந்த தெர்மாகோல் உருண்டைகளைத் தட்டிவிட்டு மேசைமேல் வைத்தபோது, பூசணிக்காய் அளவில், மழமழவென்று, இரண்டு கண்ணும் ஒரே காதுமாக அது உட்கார்ந்திருந்தது. பெட்டியில் அதற்கு நீளமாக ஓர் அரசாங்கப் பெயர் அச்சிட்டிருந்தார்கள். அதை ஒருவர் படித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் அதற்கு மொட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் இயந்திரங்கள் அதற்கு முன்பே பல வந்து போயிருந்தன. எல்லாம் அருமையாகப் பேசும். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் எல்லாவற்றையும் உதிர்த்துவிடுவார்கள். யாரோ ஒரு கெட்டிக்காரர் இந்த விஷயத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். மொட்டைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. பிள்ளைகள்தான் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுக்கிறவன் முதலில் கற்றாக வேண்டுமே, அதுதான் சூட்சுமம். நடுவில் பெரியவர்கள் புகுந்து கெடுத்துவிடாமலிருக்க, எட்டு வயதுக்கு மேற்பட்ட எந்தக் குரலும் அதன் காதில் ஏறாதபடி செய்திருந்தார்கள்.

பெட்டியோடு வந்த குறிப்பில் இதைப் படித்தபோது செண்பகவடிவுக்கு ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. மாலை வகுப்பை நடத்துகிறவள் அவள்தான். இருபத்து மூன்று வயது. ஆசிரியர் பயிற்சி முடித்தவள். ஆனாலும் 'வெஜிடபிள்' என்று சொல்வதற்கு முன் இன்றைக்கும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வாள். தன் உச்சரிப்பைக் கேட்க முடியாத ஒரு மாணவன் கிடைத்தது பூர்வ ஜென்ம புண்ணியம் என்றே நினைத்தாள். ஒழுங்கில் மட்டும் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்தாள்: தேதி, மொட்டை செய்த தவறு, அதற்குக் காரணம் நானா? மூன்றாவது பத்திதான் சீக்கிரம் நிரம்பியது.

பிள்ளைகளுக்கோ தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர்களுக்குக் கீழே ஒருவன் வந்திருக்கிறான். இரண்டாம் வகுப்பு முப்பிடாதி தாவணி போலத் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஸ்கேலைக் கையில் பிடித்து, "லிசன்!" என்றாள். கையைக் கட்டு என்று ஜெபஸ்டின் அதட்டினான். கை இல்லை என்று தெரிந்ததும் கண்ணைக் கட்டச் சொன்னான். வீட்டுப்பாடம் எழுதாததற்காக மொட்டை மூன்று நாள் பெஞ்சுமேல் ஏற்றப்பட்டது. அதனால் எழுத முடியாது என்பது யாருக்கும் ஒரு பொருட்டாகப் படவில்லை. ஆனால் கெட்டிக்காரரின் கணக்கு பலித்தது. பள்ளிக்கூடத்தில் 'ஆப்பிள்' தாண்டாத பிள்ளைகள், மொட்டைக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகவே செண்பகவடிவைப் பிடித்து உலுக்கி, தினம் பத்துச் சொல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, ஜெபஸ்டின் புலிப் படத்தைக் காட்டினான். மொட்டை கண்ணை உருட்டிப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னது:

"டைகர் கிகர்."

செண்பகவடிவு நோட்டை எடுத்தாள். காது கேட்டது சரிதானா என்ற சந்தேகத்தில் இன்னொரு படம் காட்டச் சொன்னாள். பென்சில் கின்சில் என்றது. அடுத்து ஆப்பிள் கீப்பிள். மங்கி கிங்கி. மறுநாள் மழை வந்தபோது, ஜன்னல் பக்கம் திரும்பி, "ரெயின் கியின் இஸ் கமிங்" என்று முழு வாக்கியமாகவே சொன்னது. வாக்கியத்தில் வேறு ஒரு பிழையும் இல்லை. அதுதான் அவளை இன்னும் கலக்கியது.

மொட்டை ஒரு விதியைக் கண்டுபிடித்திருந்தது. ஆங்கிலத்தில் எந்தப் பொருளும் தனியாக இருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் 'கி'யில் தொடங்கும் ஒரு துணை உண்டு. ஏற்கெனவே 'கி'யில் தொடங்குகிறவை மட்டும் பாவப்பட்ட பிறவிகள். 'கிங்' என்ற சொல் வந்தபோது அது நெடுநேரம் தேடிவிட்டு, "கிங் இஸ் அலோன்" என்றது. இரண்டு பிள்ளைகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று வகுப்பு முடிந்ததும் செண்பகவடிவு முப்பிடாதியைக் கூப்பிட்டு, இந்தக் கிகரை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள்.

"யாரும் சொல்லிக் குடுக்கல டீச்சர். பேசுவோம்லா, அதக் கேட்டு அவனாப் புடிச்சிக்கிட்டான். கிகர்னா என்னன்னு கேட்டான். நான் சொன்னேன்."

"என்னட்டி சொன்ன?"

"டைகர்னா புலி. வந்துட்டுன்னா அது டைகர். வந்துருமோன்னு பயந்து கெடக்கோம் பாத்தியா, அது கிகர். புலி மாதிரியும் இருக்கும், நாயாவும் இருக்கும். தெரியாது. கிட்டக்கப் போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

செண்பகவடிவு இலக்கணம் படித்தவள். இரட்டைக் கிளவி, அடுக்குத்தொடர் எல்லாம் பரீட்சைக்கு உருப்போட்டவள். ஆனால் ஏழு வயதுப் பெண் சொன்ன இந்த விளக்கம் அந்தப் புத்தகங்கள் எதிலும் இருந்ததில்லை. "இங்கிலீஷ்ல அப்படி இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

முப்பிடாதி அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "அப்ப இங்கிலீஷ்காரவியளுக்கு வந்துருமோன்னு பயமே கெடையாதா டீச்சர்?"

மறுநாள் வகுப்பில் செண்பகவடிவு கண்டிப்பாக ஓர் உத்தரவு போட்டாள். நிமிர்ந்து நின்று, குரலைக் கனமாக்கி, "இனிமே இந்தக் கிளாஸ்ல கிகர் கிகர்னு ஒருத்தரும் பேசக்கூடாது. பென்சில் கின்சில் எல்லாத்தையும் உள்ள வச்சிட்டு இங்க கவனிங்க" என்றாள்.

இருபத்து மூன்று பிள்ளைகளும் அவள் வாயையே பார்த்தார்கள். ஜெபஸ்டின் மட்டும் மெதுவாக விரலை நீட்டினான். அவன் நீட்டிய பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. மொட்டைக்கு அவள் குரல் கேட்காதுதான். ஆனால் பிள்ளைகளுக்குக் கேட்குமே. அவர்கள் ஸ்கேலைப் பிடிப்பதும், 'லிசன்' என்பதும், தலையைச் சாய்த்து முறைப்பதும் எங்கிருந்து வந்தது? அன்று நோட்டின் மூன்றாவது பத்தியில் ஒரே ஒரு சொல் எழுதினாள். ஆம்.

வெள்ளிக்கிழமை வட்டார அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மதிப்பீட்டாளர் ஞானதிரவியம். ஐம்பது தாண்டியவர்; விதி எதுவோ அதன்படி நடக்கிறவர் என்று பெயர் வாங்கியவர். மொட்டை வாராவாரம் கற்ற சொற்கள் அலுவலகத்துக்குத் தமிழ் எழுத்தில் அச்சாகிப் போகும். அதை எழுத்துக் கூட்டிப் படித்த குமாஸ்தா, உங்கள் பொம்மை பஸ்ஸைப் பார்த்ததும் கிஸ் கேட்கிறது என்று புகார் வைத்துவிட்டாராம். அது அந்தக் கிஸ் இல்லை, வாயால் சொல்லும்போது வேறு மாதிரி ஒலிக்கும் என்று செண்பகவடிவு வியர்க்க வியர்க்க விளக்கினாள். எந்தக் கிஸ்ஸாக இருந்தாலும் பாடத்திட்டத்தில் இல்லை என்றார் அவர்.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். வியாழக்கிழமை பரீட்சை. நூறு படம். அறுபதுக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும்.

"சொல்லலைன்னா சார்?"

"விதி இருக்கும்மா. நெனப்ப மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கணும். ஒடம்பு இதே ஒடம்புதான். உள்ள ஒண்ணும் இருக்காது."

இதைப் பிள்ளைகளிடம் மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவள் முகம் மறைக்கத் தெரியாத முகம். திங்கட்கிழமை மாலைக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. ரப்பரால் அழிப்பார்களா, ஈரத்துணியால் துடைப்பார்களா என்று ஜெபஸ்டின் கேட்டான். அழித்த பிறகு நம்ம பேர் அவனுக்குத் தெரியுமா என்று முப்பிடாதி கேட்டாள். தெரியாது என்று செண்பகவடிவு சொன்னாள். உடனே ஒரு குட்டிப் பெண் எழுந்து போய், மொட்டையின் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தன் ரிப்பனைக் கட்டிவிட்டு வந்தாள்.

மூன்று நாள்தான் இருந்தது. செண்பகவடிவு அட்டவணை போட்டாள். முதல் நாள் வேலை, கிகரை மறக்கடிப்பது. பிள்ளைகள் ஒவ்வொருவராக மொட்டையின் காதருகே போய், "கிகர் நோ, கிகர் நோ" என்று சாமியாடி மாதிரி ஓதினார்கள். மொட்டை கீழ்ப்படிகிற பிள்ளை. உடனே விட்டுவிட்டது.

விட்டதும்தான் வேறொன்று தெரிந்தது. ஆட்டுப் படத்தைக் காட்டினால் துளிகூடத் தயங்காமல் "கவ்" என்றது. கத்தரிக்காயை "பலூன்" என்றது. நன்றாகத் தெரிந்ததற்கும் அரைகுறையாகத் தெரிந்ததற்கும் ஒரே குரல், ஒரே தைரியம். அவள் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் கிகர் சேர்த்த மொட்டை, முப்பிடாதியின் விளக்கத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருந்தது. சந்தேகம் உள்ள இடத்தில் மட்டும்தான் சேர்த்திருந்தது. அவள்தான் எல்லாவற்றையும் தவறு என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். தன்னிடம் இல்லாத ஒரு வசதி இந்தப் பூசணிக்காயிடம் இருந்திருக்கிறதே என்று அவளுக்குப் பட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு இன்றுவரை நாக்கு எழுந்ததில்லை.

சரி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றாள் பிள்ளைகளிடம். கிகர் வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் பரீட்சையில் தோற்குமே என்று வகுப்பே கூச்சல் போட்டது. கடைசியில் வழி சொன்னவன் ஜெபஸ்டின்தான். மொட்டையின் காதைப் பிடித்துக்கொண்டு, "ஏல, நமக்குள்ள சொல்லு. சார் கீர் இருந்தா மட்டும் சொல்லாத, என்ன?" என்றான். மொட்டை கண்ணை இருமுறை சிமிட்டியது. ஒளித்துப் பேசக் கற்றுக்கொடுத்ததை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் செண்பகவடிவு நோட்டை மூடிவைத்தாள்.

வியாழன் மாலை ஐந்து மணிக்கு ஞானதிரவியம் வந்தார். கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. அதை அணிந்தால் பெரியவர் குரலும் மொட்டைக்குக் கேட்கும். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அவர் "குட் ஈவ்னிங்" என்றார்.

"குட் ஈவ்னிங் சார்," என்றது மொட்டை. அவருக்குப் பின்னால் இடமும் வலமும் எட்டிப் பார்த்துவிட்டு, "வேர் இஸ் கீர்?" என்று கேட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. "கூட யாரும் வரலயே" என்று செண்பகவடிவிடம் சொன்னார். அவள் தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டாள்.

பரீட்சை தொடங்கியது. மொட்டை தெரிந்ததையெல்லாம் ஒற்றைச் சொல்லில், துணை ஏதும் சேர்க்காமல் பளிச்சென்று சொன்னது. பிள்ளைகள் விரல்விட்டு எண்ணினார்கள். விரல் தீர்ந்ததும் பக்கத்துப் பிள்ளையின் விரலை எடுத்துக்கொண்டார்கள். சந்தேகம் வந்த இடங்களில் மட்டும் மொட்டை வாயைத் திறக்கவில்லை. எண்பது படம் முடிந்தபோது ஐம்பத்தொன்பது சரி, இருபத்தொரு மௌனம். மீதி இருந்தவை பிள்ளைகளே கண்ணால் காணாத சாமான்கள். பனிச்சறுக்குக் கட்டை, கலங்கரை விளக்கம், ஏதோ ஒரு பழம். மௌனம் நீண்டுகொண்டே போனது. தொண்ணூற்று ஒன்பது வரைக்கும் ஐம்பத்தொன்பது ஐம்பத்தொன்பதாகவே நின்றது.

கடைசிப் படத்தில் தரை வரைக்கும் முடி தொங்கும் ஏதோ ஒரு பிராணி நின்றது. மொட்டையின் கண் அதன் கொம்பிலும் முடியிலும் மாறி மாறி ஓடியது. பேசவில்லை.

"ஏம்மா, இது கெட்டுக் கிட்டுப் போச்சா?" என்றார் அவர்.

"கெடல சார்," என்றாள் முப்பிடாதி. அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. "அவனுக்குச் சொல்லத் தெரியும். நீங்க போன பொறவு சொல்லுவான்."

செண்பகவடிவு கண்ணை மூடிக்கொண்டாள். ஞானதிரவியம் அந்தப் பெண்ணையும் மொட்டையையும் பார்த்தார். பிறகு, நான் இருக்கும்போதே சொல்லச் சொல் என்றார். முப்பிடாதி போய் மொட்டையின் காதில் ஏதோ சொன்னாள்.

"கவ் கிவ்," என்றது மொட்டை.

அவர் சிரிக்கவில்லை. படத்தைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "சரியாத்தான சொல்லுது. பாத்தா மாடு கீடு மாதிரித்தான் இருக்கு" என்றவர், அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் படித்தார். 'யாக்' என்று போட்டிருந்தது. "எனக்கே திருப்பிப் பாத்தாத்தான் தெரியுது."

பிறகு அவர் செண்பகவடிவிடம் தணிந்த குரலில் பேசினார். நாற்பத்திரண்டு ஊரில் இதே படத்தைக் காட்டிவிட்டு வந்திருக்கிறாராம். எல்லா இயந்திரமும் உரக்க "கவ்" என்றதாம். ஒன்று "சோபா" என்றதாம். தெரியாது என்பதை ஒன்றுகூடச் சொல்லவில்லை. பாதி தெரியும், பாதி தெரியாது என்று சொன்ன முதல் இயந்திரம் இதுதான்.

"அப்ப மார்க் போடுவீங்களா சார்?"

"படிவத்துல சரி, தப்புன்னு ரெண்டு கட்டந்தாம்மா இருக்கு. இதச் சரின்னு போட முடியாது." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஐம்பத்தொன்பது."

அவர் கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் எண்ணைத் தட்டினார். முடிவு தலைநகரத்து மையத்திலிருந்து வர வேண்டும். 'ஃபெயில்' என்று வந்தால் அதற்கடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று வரும். அதை அவர்தான் அழுத்த வேண்டும். பிள்ளைகள் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். ஒருவரும் அழவில்லை. ஜெபஸ்டின் மட்டும் மொட்டையிடம், "என் பேரு ஜெபஸ்டின், ஜெபஸ்டின்" என்று வேகவேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பலகை சிணுங்கியது. அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு செண்பகவடிவிடம் நீட்டினார்.

முடிவு: ஃபெயில் கியில்.

"இது நீங்க அடிச்சதா சார்?"

"நான் நம்பர மட்டுந்தாம்மா அடிச்சேன்." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எல்லா மொட்டையும் படிக்கிறது மேல போய்ச் சேரும்லா. அங்க உக்காந்து மார்க் போடுததும் ஒரு மிஷின்தான. அதுக்கும் சரி, தப்பு ரெண்டுதான் குடுத்துருந்தாங்க. நடுவுல உள்ளதுக்குச் சொல்லு இல்லாம கஷ்டப்பட்டுருக்கும் போல. இங்கேருந்து ஒண்ணு போயிருக்கு. எடுத்துக்கிட்டுது."

"பொத்தான்?"

பொத்தான் வரவில்லை. ஃபெயிலுக்குப் பொத்தான் உண்டு. பாஸுக்குச் சான்றிதழ் உண்டு. கியிலுக்கு என்ன செய்வதென்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஞானதிரவியம் விதிப்படி நடக்கிறவர் அல்லவா. விதி இல்லாத இடத்தில் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார். மேலிடத்திலிருந்து விளக்கம் வரும்வரை இயந்திரம் இப்போதுள்ள நிலையிலேயே இருக்க வேண்டும் என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். விளக்கம் எப்போது வரும் என்று அவள் கேட்டாள். தன் இருபத்தாறு வருட அனுபவத்தில் அப்படிக் கேட்டு எழுதிய எதற்கும் பதில் வந்ததாக ஞாபகம் இல்லை என்றார்.

"டீச்சர், மொட்ட பாஸா, ஃபெயிலா?" என்று முப்பிடாதி அவள் கையைப் பிடித்து ஆட்டினாள்.

செண்பகவடிவு வாயைத் திறந்தாள். வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது ஒன்றைத் தெரிந்த மாதிரி சொல்லிவிடுவாள். "எனக்குத் தெரியலட்டி," என்றாள். சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. சுவர் சுவராகவே நின்றது.

"யாக்குன்னா என்னன்னாவது தெரியுமா?"

"அதுவும் தெரியல. இன்னைக்குத்தான் பேரே கேக்குதேன்."

முப்பிடாதி கொஞ்சம் யோசித்தாள். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மொட்டையைப் பாயில் இறக்கி வைத்து, ஸ்கேலால் அதற்குப் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். செண்பகவடிவு போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். புறப்படுவதற்காகப் பையை மாட்டிக்கொண்டிருந்த ஞானதிரவியத்தின் மேல் அடுத்து அந்த ஸ்கேல் திரும்பியது.

"சார், நீங்களும் திருப்பிப் பாத்துத்தான சொன்னிய. உக்காருங்க. டீச்சர், சாருக்குக் கொஞ்சம் தள்ளி எடம் குடுங்க."

அவர் பையைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார். முப்பிடாதி கரும்பலகைக்கு முன்னால் நின்று படத்தைத் தூக்கிக் காட்டினாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

"வாட் இஸ் திஸ்?"

"யாக்," என்றார் ஞானதிரவியம்.

"சத்தமாச் சொல்லுங்க சார். கடைசி வரிசைக்குக் கேக்கல."